வாத்து கால்ல கருப்புப் பொருக்கா? பிளேடை வச்சிட்டு முதல்ல தரையைப் பாருங்க

தங்கச்சிமடம் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க. வீட்ல மூணு வெள்ளை வாத்து, ஆறாவது படிக்கிற மகன் குஞ்சுலேர்ந்து வளர்த்தது. அதுல பெருசுக்கு முத்துன்னு பேரு, பத்து நாளா வலது காலை நொண்டுதாம், பாதத்துக்கு அடியில மொச்சைக்கொட்டை அளவுக்கு வீங்கி நடுவுல மிளகு வச்ச மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு இருக்காம். தீனி எடுக்குது, முட்டையும் போடுது. பக்கத்து வீட்டு அண்ணன் பிளேடால கீறி சீழை எடுத்துட்டு மஞ்சளும் சுண்ணாம்பும் வைக்கச் சொல்றார், மாமியார் கடல் தண்ணியில நிக்க விட்டா ஆறிடும்ங்குறாங்க, வீட்டுக்காரர் தன்னோட முட்டிவலிக்குப் போடுற ஜெல்லை ஒரு தடவை தடவி விட்டுட்டார், மெடிக்கல்ல கேட்டதுக்கு மனுஷனுக்குக் குடுக்குற கேப்சூலை பாதி பாதியா கரைச்சு ஊத்தச் சொன்னாங்களாம். "எதைச் செய்யுறது டாக்டரம்மா, முட்டையைச் சாப்பிடலாமா, முத்து திரும்ப நீந்துமான்னு மகன் தினமும் கேக்குறான்"னு முடிச்சிருக்காங்க.

தங்கச்சி, லெட்டரோட நீங்க அனுப்புன ரெண்டு போட்டோவையும் பெருசு பண்ணிப் பாத்தேன். முதல் போட்டோவுல கால் இருக்கு, ரெண்டாவது போட்டோவுல முத்து வாசல்ல நிக்கிது, அது நிக்கிற எடத்தைப் பாத்ததும்தான் எனக்கு விஷயம் புரிஞ்சுது. முற்றம் பூரா சிப்பியும் உடைஞ்ச பவளக்கல்லும் கொட்டியிருக்கீங்க, மழைத்தண்ணி தேங்காம இருக்கட்டும்னு போட்டிருப்பீங்க, நம்ம கடற்கரை ஊர்ல பாதி வீட்ல அப்படித்தான், வேலி ஓரத்துல கருவை நிக்கிது, ராத்திரி அடைக்கிற எடம் சிமெண்ட் தரை. காலுக்கு மருந்து சொல்லிடலாம், அது கஷ்டம் இல்ல, ஆனா தரை இப்படியே இருந்தா இந்தக் கால் ஆறி அடுத்த கால்ல வரும், மத்த ரெண்டு வாத்துக்கும் வரும். அதனால மருந்துல பாதி தரையிலதான் இருக்குன்னு மனசுல வச்சுக்கிட்டு மிச்சத்தைப் படிங்க.

இதுக்கு பம்பிள்ஃபுட்னு பேரு, பாதப்புண்ணுன்னு வச்சுக்கலாம். வாத்தோட உள்ளங்கால் தண்ணியிலயும் சேத்துலயும் நடக்கறதுக்குன்னு அமைஞ்சது, கோழிக்காலு மாதிரி கெட்டி இல்ல. வெள்ளை வாத்து வேற உடம்பு கனமான இனம், மூணு கிலோ வெயிட்டும் அந்த ரெண்டு சின்ன மெத்தைப் பகுதியில எறங்குது. சிப்பி முனையோ கருவை முள்ளோ ஒரு சின்னக் கீறல் போட்டாப் போதும், இல்லன்னா சிமெண்ட்ல நின்னு நின்னு தோல் தேய்ஞ்சாலும் போதும், அது வழியா கிருமி உள்ள போயிரும். பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ்னு ஒரு பாக்டீரியா, அது நம்ம தோல்மேலயும் சாதாரணமா இருக்குறதுதான். வாத்து திண்ணை உயரத்துல இருந்து தினமும் குதிக்குதான்னும் பாருங்க, அந்த அடியும் சேரும்.

இப்ப பிளேடு விஷயம். அண்ணன் நல்லெண்ணத்துலதான் சொல்லியிருப்பார், நமக்கு கட்டி வந்தா கீறினா சீழ் ஒழுகி வலி குறையுது, அதை வச்சுச் சொல்றார். பறவைக்கு அப்படி இல்ல தங்கச்சி. நம்ம வெள்ளை அணுவுல சீழைக் கரைச்சுத் தண்ணியாக்குற சரக்கு ஒண்ணு இருக்கு, பறவையோட அணுவுல அது கெடையாது, அதனால பறவைக்குச் சீழ் ஒழுகாது, பன்னீர்க்கட்டி மாதிரி கெட்டியா உறைஞ்சு வேர் விட்ட மாதிரி உள்ள உக்காந்துருக்கும். நீங்க கீறி அமுக்குனா வெளிய வராம இன்னும் ஆழத்துக்குப் போகும், அங்க விரலை மடக்குற நரம்பு, அதாவது தசைநாண், அதுக்கு அடுத்து எலும்பு, கிருமி அங்க எறங்கிட்டா அப்புறம் மாசக்கணக்குல போராடணும். ரத்தமும் நிறைய வரும். நான் வேலைக்குச் சேந்த புதுசுல தொண்டி பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில வச்சு ஒரு வாத்துக்குப் பொருக்கை எடுத்தேன், மயக்க மருந்தும் இல்ல, சரியான வெளிச்சமும் இல்ல, அந்தப் பாட்டி கெஞ்சுனாங்கன்னு செஞ்சேன். பொருக்கு வந்துச்சு, பின்னாடியே ரத்தமும் நிக்காம வந்துச்சு, அமுக்கிப் பிடிச்சு நிறுத்த இருபது நிமிஷம் ஆச்சு, வாத்து என் மடியில தலையைத் தொங்கப் போட்டுருச்சு. பொழச்சது, ஆனா அன்னையிலேர்ந்து வீட்ல வச்சு கத்தியை எடுக்குறதில்ல, யாரையும் எடுக்க விடுறதும் இல்ல. சுண்ணாம்பும் வேண்டாம், அது புண்ணுல பட்டா தோலை வேகவச்சுரும்.

ஜெல் விஷயத்துல கொஞ்சம் கண்டிப்பாவே சொல்றேன், வீட்டுக்காரர் கோச்சுக்கக் கூடாது. அந்த ட்யூப்ல டைக்ளோஃபெனாக்னு போட்டிருக்கான்னு பாருங்க, முட்டிவலி ஜெல்லுல நிறைய அதுதான் இருக்கும். அந்த மருந்து போட்ட மாடு செத்து, அந்த மாட்டைத் தின்ன பிணந்தின்னிக் கழுகுங்க சிறுநீரகம் கெட்டு கூட்டம் கூட்டமா அழிஞ்சு போச்சு, அதனாலதான் 2006லயே நம்ம நாட்டுல கால்நடைக்கு அதைத் தடை பண்ணாங்க. வாத்து எந்நேரமும் அலகால உடம்பைக் கோதிக்கிட்டே இருக்கும், கால்ல தடவுனது வயித்துக்குப் போயிரும். ஒரு தடவை லேசா தடவுனதுக்குப் பயந்து நடுங்க வேண்டாம், சோப்புத் தண்ணியில காலைக் கழுவி விடுங்க, தண்ணி நல்லா குடிக்குதா, சோர்ந்து உக்காருதான்னு ரெண்டு மூணு நாள் பாருங்க, சோர்வு தெரிஞ்சா உடனே டாக்டர்ட்ட தூக்கிட்டுப் போங்க, ஜெல் தடவுனதையும் மறக்காம சொல்லுங்க. இனிமே வேண்டவே வேண்டாம். பறவைக்கு வலி குறைக்க வேற மருந்து இருக்கு, வெயிட் பாத்து டாக்டர் குடுப்பாங்க. மரத்துப்போற மருந்து கலந்த களிம்பும் வாங்காதீங்க, ட்யூப்ல பேரு 'கெய்ன்'னு முடியுதான்னு பாத்தாலே தெரியும், பறவை உடம்பு அதைத் தாங்குறது கஷ்டம்.

கேப்சூலும் அப்படித்தான். ஆன்டிபயாட்டிக் வேணுமா வேண்டாமா, வேணும்னா எது, எத்தன நாள்னு பாத்துட்டுத்தான் முடிவு பண்ண முடியும். பாதி பாதியா கரைச்சு ஊத்துனா கிருமி சாகாது, பழகிக்கும், அடுத்த தடவை அந்த மருந்து கேக்காது.

சரி, என்ன செய்யணும்னு வாரேன். முத்து தீனி எடுக்குது, காலை ஊனுது, வீக்கம் பாதத்தோட நிக்கிது, அதனால வீட்லயே ஆரம்பிக்கலாம். முதல்ல தூக்குற விதம். ஒரு பழைய துண்டை எடுத்து ரெக்கை ரெண்டும் உள்ள அடங்குற மாதிரி சுத்தி, கக்கத்துல இடுக்கிக்கிட்டு காலு மட்டும் வெளிய தெரியுற மாதிரி பிடிங்க, மகன் பிடிக்கட்டும் நீங்க பாருங்க. நெஞ்சை அமுக்கிறாதீங்க, மல்லாக்கப் போட்டும் ரொம்ப நேரம் வைக்காதீங்க, பறவைக்கு நம்மள மாதிரி நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல உதரவிதானம்ங்குற மூச்சுத்தசை கெடையாது, நெஞ்சு ஏறி எறங்குனாத்தான் மூச்சு. காலையோ கழுத்தையோ பிடிச்சுத் தூக்குற பழக்கம் இருந்தா இன்னையோட விட்டுருங்க.

தொடங்குறதுக்கு முன்னாடி வெளிச்சத்துல உக்காந்து ரெண்டு காலையும் விரல் இடுக்கு வரைக்கும் பாருங்க. இதை நான் எல்லார்ட்டயும் அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. போன வருஷம் ஒரு மீனவர் வீட்லேர்ந்து நொண்டுற வாத்து ஒண்ணு கொண்டு வந்தாங்க, பாதம் பூரா வீங்கி ஊதா கலர், அவங்களும் பாதப்புண்ணுன்னு ரெண்டு வாரமா மஞ்சள் போட்டுருக்காங்க. கணுவுக்கு மேல தோல்ல ஒரு சின்னப் பள்ளம் கோடு மாதிரி தெரிஞ்சுச்சு, லென்ஸ் வச்சுப் பாத்தா வலையோட நைலான் நூலு, தலைமுடி கனம் கூட இருக்காது, மூணு சுத்து சுத்தி சதைக்குள்ள புதைஞ்சு கெடந்துச்சு. அதை அறுத்து எடுத்ததும் காலு மெல்ல நெறம் திரும்புச்சு. வலை பின்னுற வீடு, வலை காயப்போடுற கரைன்னா இது எப்பவும் நடக்கலாம், அதனால உங்க முத்துவுக்கும் ஒரு தடவை கணு வரைக்கும் தடவிப் பாத்துருங்க. முள்ளு முனை வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா இடுக்கியால எடுக்கலாம், உள்ள போயிருந்தா தோண்ட வேண்டாம்.

அடுத்து காலை ஊறவைக்கணும். எப்சம் சால்ட்டுன்னு மெடிக்கல்ல கேளுங்க, பழைய ஆளுங்க பேதி உப்புன்னு சொல்றது இதைத்தான். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணிக்கு ரெண்டு பெரிய ஸ்பூன், உங்க மணிக்கட்டை வச்சுப் பாத்தா சுடக்கூடாது, அவ்வளவு சூடுதான். கணு முங்குற அளவுக்கு ஒரு அகலமான பேசின்ல ஊத்தி பத்து பதினஞ்சு நிமிஷம் நிக்க வைங்க, காலையில ஒரு தடவை சாயங்காலம் ஒரு தடவை. அந்தத் தண்ணியை அது குடிக்காம பாத்துக்கணும், பேதி உப்புங்குற பேரே சொல்லுது, வயித்தால போயிரும். மகன் ஒரு கிண்ணத்துல நல்ல தண்ணி வச்சு மூக்குக்கு நேரா காட்டிக்கிட்டே இருந்தா அதுல வெளையாடும், இதைக் குடிக்காது.

மாமியார் சொன்ன கடல் தண்ணி வேற, இது வேற. கடல் தண்ணியில லிட்டருக்கு முப்பத்தஞ்சு கிராம் அளவுக்கு உப்பு, அதுல பெரும்பகுதி சோத்துல போடுற உப்புதான், வாத்து அதுல நின்னா கட்டாயம் குடிக்கும். அது போக படகு நிக்கிற எடத்துல டீசல் மெதக்கும், மீன் கழுவுன கழிவும் அங்கதான், டீசல் பட்டா எறகுல இருக்குற எண்ணெய்ப்பசை போயி வாத்து நனைஞ்சு வெறைச்சுப் போகும். பெரியவங்க மனசு நோகாம சொல்லுங்க, மனுஷன் காலுக்கு அவங்க அனுபவம் சரியா இருக்கலாம், வாத்துக்கு வேண்டாம்.

ஊறுனதும் சுத்தமான துணியில ஒத்தி ஒத்தி ஈரம் எடுங்க, விரலுக்கு நடுவுல ஜவ்வு மடிப்புலயும். பொருக்கு ஊறி தானா கழண்டா நல்லது, ஒட்டிக்கிட்டு இருந்தா இழுக்காதீங்க. பெட்டாடின் லோஷனை அப்படியே ஊத்தாம தண்ணி கலந்து பால் ஊத்தாத டீ கலருக்குக் கொண்டு வந்து அதுல பஞ்சை நனைச்சு பொருக்கைச் சுத்தியும் மேலயும் தொடைங்க, காய விடுங்க, அப்புறம் பெட்டாடின் ஆயின்ட்மெண்ட் மெலிசா, பொருக்கு மேல மட்டும். குப்பைமேனி, மஞ்சள், வேப்பிலை எல்லாம் எண்ணெயில காய்ச்சி மாட்டுக்குப் புண்ணுக்குப் போடுவோம், நானே சொல்லித் தர்றதுதான், ஆனா வாத்துக்கு அந்த எண்ணெய் காலோட நிக்காது, எறகெல்லாம் பூசிக்கும், அதனால இதுக்கு அதைச் சொல்ல மாட்டேன்.

கட்டு போடுறதுலதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. பொருக்கு மேல நேரா பஞ்சை வச்சு கட்டுனா நடக்கும்போது வெயிட் பூரா திரும்ப அந்தப் புண்ணுலயே எறங்கும். குடம் தூக்கும்போது தலைக்கு சும்மாடு வைப்போம்ல, அதே மாதிரி காஸ் துணியை முறுக்கி ஒரு சின்ன வளையம் செய்ங்க, புண்ணு அந்த வளையத்துக்கு நடுவுல வர்ற மாதிரி வைங்க, அப்ப சும்மாடு வெயிட்டைத் தாங்கும், புண்ணு தரையில படாது. அதுக்கு மேல தன்மேல தானே ஒட்டிக்கிற பேண்டேஜை விரலுக்கு நடுவுல விட்டு எடுத்து கணு வரைக்கும் ரெண்டு சுத்து, அது கிடைக்கலன்னா காஸ் சுத்தி மைக்ரோபோர் டேப் போதும். இறுக்காதீங்க. அரை மணி நேரம் கழிச்சு விரல் நுனியைத் தொட்டுப் பாருங்க, ஜில்லுன்னு இருந்தாலோ வீங்குனாலோ நெறம் மாறுனாலோ உடனே அவுத்துருங்க. தினமும் கட்டு மாத்தணும், நனைஞ்சா உடனே மாத்தணும், ஈரக்கட்டு இருக்குறதுக்கு கட்டு இல்லாமலே இருக்கலாம். நீங்களும் மகனும் கையுறை போட்டுக்கிட்டு செய்ங்க, முடிஞ்சதும் சோப்பு போட்டு கை கழுவுங்க, அந்தக் கிருமி நம்ம கையில இருக்குற சின்ன வெட்டு வழியா நமக்கும் வரும்.

கட்டு இருக்குற நாள்ல நீச்சல் வேண்டாம், ஆனா குடிக்கிற தண்ணி மூக்கு முங்குற ஆழத்துல இருக்கணும், இல்லன்னா வாத்துக்கு மூக்கும் கண்ணும் அடைச்சுக்கும். தட்டுல தண்ணி வைக்காதீங்க, சின்ன வாளியில வைங்க. எந்தத் தண்ணின்னும் சொல்லணும், போர் தண்ணி உப்புன்னு எழுதியிருக்கீங்க. தள்ளுவண்டியில குடம் வச்சு தண்ணிக்கு அலையுற ஊர்ல வாத்துக்கு நல்ல தண்ணி ஊத்துன்னு சொல்றது பெரிய விஷயம்னு எனக்குத் தெரியும், ஆனா குடிக்க மட்டுமாவது காவிரித் தண்ணியோ ஊத்துத் தண்ணியோ குடுங்க, கழுவுறதுக்கு போர் தண்ணி போதும். கருவாட்டுத் துண்டு போடுறதை நிறுத்துங்க, உப்புத் தண்ணியும் கருவாடும் சேந்தா சிறுநீரகம் தாங்காது. மீன் கழிவு போட்டா அன்னன்னைக்குப் புதுசா, மிச்சம் கெடந்தா அள்ளிருங்க. அழுகுன மீனையும் அதுல நெளியுற புழுவையும் தின்னா ஒரு விஷம் ஏறி ரெண்டு காலும் விழுந்து கழுத்தும் தொங்கிரும், அதை பாதப்புண்ணுன்னு நெனச்சு ஊறவச்சுக்கிட்டு இருந்தா நேரம் போயிரும். கழுத்து தொங்குனா அது அவசரம்.

தீனியில வெறும் சோறு பத்தாது. வாத்துக்கு நயாசின்னு ஒரு பி வைட்டமின் கோழியைவிட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வேணும், குஞ்சுல கொறைஞ்சா காலே வளையும். தீவனக்கடையில கோழித் தீவனம் வாங்குனீங்கன்னா அதுல ப்ரூவர்ஸ் ஈஸ்ட் பவுடர் (ரொட்டி மாவு பொங்கறதுக்குப் போடுற ஈஸ்ட் இல்ல) கொஞ்சம் கலந்து போடலாம். முருங்கைக்கீரை உங்க வாசல்லயே இருக்கும், தினமும் ஒரு கைப்பிடி பொடிசா நறுக்கிப் போடுங்க, தோல் நல்லா ஆறுறதுக்கு வைட்டமின் ஏ வேணும். பூசணம் பிடிச்ச கடலைப் புண்ணாக்கு மட்டும் வேண்டவே வேண்டாம், அந்தப் பூஞ்சை விஷத்துக்கு வாத்து சட்டுன்னு விழுந்துரும்.

இனி தரை. முற்றத்துச் சிப்பியை முழுசா அள்ள முடியலன்னா வாத்து நடமாடுற எடத்தை மட்டும் வலை கட்டிப் பிரிச்சு, அந்த அளவுக்குச் சிப்பியை ஒதுக்கிட்டு சலிச்ச மணல் நாலு விரக்கடை கனத்துக்குக் கொட்டுங்க. சலிக்கும்போது எவ்வளவு முள்ளு, தூண்டில் முள், மீன் முள், கண்ணாடித் துண்டு வருதுன்னு நீங்களே பாப்பீங்க. உச்சி வெயில்ல மணல் கொதிக்கும், அதனால தென்னங்கீத்தோ பனையோலையோ போட்டு நெழல் கட்டிருங்க. சிமெண்ட் தரையில வைக்கோல், அடியில கொஞ்சம் உமி. ஈர வைக்கோலை ஒரு நாள் கூட விடாதீங்க, அதுல பூஞ்சை பிடிச்சா நெஞ்சுல போயி உக்காரும், வாடைக்காத்து மழை மாசத்துல இதை தினமும் பாக்கணும். தண்ணி வாளி வைக்கிற எடம்தான் எப்பவும் சகதியா இருக்கும், அங்க மட்டும் கூழாங்கல் பரப்பி மேல ஒரு ரப்பர் மேட் போட்டா தண்ணி கீழ எறங்கிரும். திண்ணையில இருந்து குதிக்குதுன்னா ரெண்டு மண்மூட்டையை படி மாதிரி போட்டுருங்க.

ஆறுதா ஆறலையான்னு கண்ணால மட்டும் பாத்தா தெரியாது, தினமும் பாக்குறவங்களுக்கு மாத்தமே தெரியாது. ஒத்த ரூபா காசை பாதத்துக்குப் பக்கத்துல வச்சு தினமும் ஒரு போட்டோ எடுங்க, ஏழு நாள் கழிச்சு முதல் போட்டோவோட ஒப்பிட்டுப் பாருங்க. மீன் நிறுக்குற தொங்கு தராசு வீட்ல இருக்கும்ல, முத்துவை ஒரு பையில வச்சு வாரம் ஒரு தடவை நிறுத்து எழுதி வைங்க, வெயிட் எறங்குனா உள்ள ஏதோ நடக்குதுன்னு அர்த்தம். ஏழு நாள்ல வீக்கம் கொஞ்சமும் எறங்கலன்னாலோ, சூடு கணுவுக்கு மேல ஏறுனாலோ, காலை ஊனவே மாட்டேங்குதுன்னாலோ, தீனியை விட்டுருச்சுன்னாலோ, நாத்தம் வந்தாலோ அதுக்கு மேல வீட்ல வச்சுக்காதீங்க. 1962க்குப் போன் பண்ணுங்க, அரசாங்கத்தோட கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர், இல்லன்னா நேரா ராமநாதபுரம் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிட்டுப் போங்க, எக்ஸ்ரே எடுத்து எலும்புல ஏறிருக்கான்னு பாக்கணும்னு சொன்னா தயங்காதீங்க. ஆபரேஷன் அளவுக்குப் போனா திருநெல்வேலி ராமையன்பட்டியிலயும் ஒரத்தநாட்டுலயும் கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு, தூரம்தான், ஆனா மயக்கம் குடுத்து முறையா செய்வாங்க. போகும்போது அட்டைப்பெட்டியில வைக்கோல் போட்டு, காத்துக்கு ஓட்டை போட்டு கொண்டு போங்க.

முட்டை கேட்டீங்க. காலை ஊறவச்சு பெட்டாடின் மட்டும் போடுறவரைக்கும் முட்டையை நல்லா வேகவச்சு சாப்பிடலாம். ஜெல் தடவுன நாள்லேர்ந்து ரெண்டு வாரத்து முட்டையை மட்டும் வேண்டாம்னு வச்சுருங்க. டாக்டர் ஆன்டிபயாட்டிக் எழுதுனா எத்தன நாள் முட்டையைத் தள்ளணும்னு அவங்ககிட்டயே கேட்டு எழுதி வாங்கிக்குங்க, அந்த முட்டையை பக்கத்து வீட்டுக்கும் குடுக்காதீங்க.

தம்பி, உன் கேள்விக்கு வாரேன். முத்து நீந்தும்டா. ஆனா உள்ளங்கால் தோல் மெதுவாத்தான் வளரும், மூணு வாரமும் ஆகலாம், ஆறு வாரமும் ஆகலாம். பொருக்கு தானா உதிர்ந்து, அடியில புதுத்தோல் மூடி, நீ விரலால லேசா அமுக்குனா அது காலை இழுக்காம இருந்துச்சுன்னா அம்மாட்ட காட்டு. அம்மா சரின்னு சொன்னதும் பெரிய டப்புல நல்ல தண்ணி ஊத்தி முதல் நாள் பத்து நிமிஷம் விடு, அப்புறம் காலைத் தொடச்சு காஞ்ச வைக்கோல்ல விடு. மத்த ரெண்டையும் சேத்து விட்டுராத, தொரத்தும், முதல் நாள் முத்து மட்டும் தனியா நீந்தட்டும்.